கேள்வி பதில்: கூட்டிய வேகம் தாங்குமா?

போன இதழில் ஒரு வாசகர், பிராசசரின் வேகத்தைக் கூட்டி ஓவர்கிளாக் செய்துவிட்டு சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை, அப்படியானால் எல்லாம் சரிதானே என்று கேட்டிருந்தார். இடம் போதாததால் "இல்லை, இன்னும் தெரியாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அதற்கு வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால் பாதி வாசகர்கள் பயாஸுக்குள்தான் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரை) குடித்தனம் நடத்துகிறார்கள் போலிருக்கிறது. சரி, இந்த முறை முழுக்க இதுதான்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருநெல்வேலி): என்னிடம் ஏஎம்டியின் ரைசன் 5 5600எக்ஸ் பிராசசர் இருக்கிறது. ஒரு வீடியோவைப் பார்த்து வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர் அமைப்பில் எல்லா கோருக்கும் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) மைனஸ் 30 போட்டேன். சினிபெஞ்ச் ஸ்கோர் ஏறியது, அரை மணி நேரம் ஓட்டியும் ஹேங் ஆகவில்லை. ஆனால் ராத்திரி சும்மா ஆன் செய்து வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் ரீஸ்டார்ட் ஆகி லாகின் திரையில் நிற்கிறது. வேலை செய்யும்போது ஓடுவது சும்மா இருக்கும்போது ஏன் விழுகிறது?

பதில்: உங்களுக்கு வந்திருப்பது மைனஸ் 30 வியாதி. இந்த மாதம் மட்டும் இன்னும் மூன்று பேர் இதையே எழுதியிருக்கிறார்கள், மூன்று பேரும் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்தவர்கள்தான்.

எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்று ஒவ்வொரு சில்லுக்குள்ளும் ஒரு அட்டவணை எழுதித்தான் அனுப்புகிறார்கள். கர்வ் ஆப்டிமைசரில் நீங்கள் போடும் எண் அந்த அட்டவணை முழுவதையும் கீழே இறக்குகிறது. ஒரு எண்ணுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட், ஆக மைனஸ் 30 என்றால் கிட்டத்தட்ட 90 முதல் 150 மில்லிவோல்ட் வரை பிடுங்கிவிட்டீர்கள். சினிபெஞ்ச் ஓடும்போது ஆறு கோரும் சேர்ந்து உழைக்கின்றன, 5600எக்ஸுக்கு 76 வாட் என்று ஒரு உச்சவரம்பு இருப்பதால் எல்லா கோரும் கொஞ்சம் குறைந்த வேகத்தில்தான் நிற்கும், அந்த வேகத்துக்குத் தேவையான வோல்டேஜும் குறைவு, அதனால் நீங்கள் பிடுங்கியது தெரிவதில்லை. ராத்திரி நடப்பது வேறு. எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும்போது விண்டோஸ் ஏதோ ஒரு சின்ன வேலைக்காக ஒரே ஒரு கோரை எழுப்புகிறது. அது தனியாள், வாட் வரம்பெல்லாம் அதற்குத் தடையே இல்லை, நேரே 4.6 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவுகிறது. வோல்டேஜ் மிக அதிகமாக வேண்டிய இடம் அதுதான். அங்கே பற்றாக்குறை வந்தால் அந்த நொடியே ரீஸ்டார்ட். மூட்டை தூக்கத் தெரிந்தவனுக்குக் கயிற்றின் மேல் நடக்கவும் தெரியும் என்று நீங்களாகவே முடிவு செய்துவிட்டீர்கள்.

எந்த கோர் விழுந்தது என்பதைக் கண்டுபிடிக்கலாம். விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பகுதியில், ஹார்டுவேர் தப்புகளை எழுதும் வீயா லாகர் என்ற பெயரில் 18ஆம் எண் பதிவு இருக்கிறதா பாருங்கள். உள்ளே கேஷ் ஹைரார்க்கி எரர் என்றும் கீழே பிராசசர் ஏபிஐசி ஐடி என்று ஒரு எண்ணும் இருக்கும். உங்கள் சில்லில் ஒரு கோர் ஒரே நேரத்தில் இரண்டு வேலையை (திரெட்) எடுத்துக்கொள்ளும் என்பதால் அந்த எண்ணை 2ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: 4 அல்லது 5 என்றால் 2ஆம் கோர், எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது என்பதை மறந்துவிடாமல். அந்த கோரை மட்டும் மைனஸ் 15க்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் அது உங்கள் சில்லிலேயே நல்ல கோராகத்தான் இருக்கும். ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருளில் நட்சத்திரம் போட்டுக் காட்டுவார்களே, அதுதான். கெட்டிக்காரக் கோருக்கு ஆலையிலேயே வோல்டேஜைக் கறாராகத்தான் அளந்து கொடுத்திருப்பார்கள், அதனிடம் மேலும் பிடுங்க ஒன்றும் இருக்காது. மந்தமான கோர்கள் மைனஸ் 25, 30 என்று கூடத் தாங்கும்.

பிறகு கோர்சைக்ளர் என்ற இலவச ஸ்கிரிப்டை இறக்கி ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். அது ப்ரைம்95 என்ற கணக்குப் போடும் மென்பொருளை ஒரு நேரத்தில் ஒரே கோரில் மட்டும் ஓட்டிவிட்டு அடுத்த கோருக்குப் போகும். அதன் அமைப்புகளில் கை வைக்காதீர்கள், ஏவிஎக்ஸ் என்ற கனமான கட்டளைகள் இல்லாத லேசான கணக்கைத்தான் அது வேண்டுமென்றே கொடுக்கிறது, லேசான கணக்கில்தான் கோர் உச்ச வேகத்துக்குப் போகும். எந்த கோர் தப்பு செய்ததோ அதன் பேரைச் சொல்லி எழுதி வைத்துவிடும். காலையில் எழுந்து பார்த்து, தப்பு செய்த கோருக்கு மூன்று நான்கு எண் விட்டுக்கொடுத்து, மறுபடி ராத்திரி. நான்கைந்து ராத்திரி ஆகும். வீடியோவில் இதைச் சொல்ல மாட்டார்கள், பார்க்க அலுப்பாக இருக்கும்.

கேள்வி (பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்): ஓவர்கிளாக், ஓவர்கிளாக் என்கிறீர்களே, அது என்ன என்று என்னைப் போன்றவர்களுக்குப் புரியும்படி ஒருமுறை சொல்லிவிட்டு மேலே போகக் கூடாதா?

பதில்: மன்னிக்கவும், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மதர்போர்டு ஒரு அடிப்படைத் தாளம் போடுகிறது, இப்போதெல்லாம் அது 100 மெகாஹெர்ட்ஸ். பிராசசர் அதைத் தனக்குள் ஒரு எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. பெருக்கும் எண் 44 என்றால் 4.4 கிகாஹெர்ட்ஸ். கம்பெனி சொன்ன எண்ணை விட்டு நாமே 47 என்று வைத்தால் ஓவர்கிளாக். முன்பு பெருக்கும் எண்ணைப் பூட்டி வைத்திருந்ததால் அடிப்படைத் தாளத்தையே ஏற்றுவார்கள். 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ, 66 மெகாஹெர்ட்ஸை 4.5ஆல் பெருக்கி 300இல் ஓடும் மலிவுச் சில்லு; தாளத்தை 100க்கு மாற்றினால் அதே சில்லு 450இல் ஓடியது, அது அப்போது கடையில் கிடைத்த உச்ச பென்டியம் 2இன் வேகம். பாதி விலைக்கும் குறைவாக வாங்கி உச்ச மாடலின் வேகத்தை எடுத்தார்கள் என்றால் ஏன் இது ஒரு பைத்தியமாகப் பரவியது என்று புரியும்.

அந்தக் காலத்தில் சில்லில் தெம்பு மிச்சமிருக்கும்போதே குறைந்த வேகத்தின் பெயரை அச்சடித்து விற்றார்கள். இப்போது அந்த மிச்சத்தையும் கம்பெனியே பூஸ்ட் என்ற பெயரில் வழித்து எடுத்துவிட்டுத்தான் விற்கிறது. நமக்கு இருப்பது பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் கொஞ்சம்தான்.

கேள்வி (கோயம்புத்தூர்): ப்ரைம்95 ஓட்டும்போது ஒரு வொர்க்கர் (அது பிரித்து ஓட்டும் கணக்குகளில் ஒன்று) மட்டும் "ரவுண்டிங் வாஸ் 0.5, எக்ஸ்பெக்டட் லெஸ் தன் 0.4" என்று நின்றுவிடுகிறது. மற்றவை ஓடுகின்றன, ஹேங் இல்லை, ப்ளூ ஸ்கிரீன் இல்லை. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். ப்ளூ ஸ்கிரீனைவிட இது மோசம், ஏன் என்று சொல்வதற்கு அந்த மென்பொருளின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ப்ரைம்95 நம் பிராசசரைச் சோதிக்க எழுதப்பட்டதே அல்ல. 2ஐப் பல முறை பெருக்கி 1 கழித்தால் கிடைக்கும் மெர்சென் எண்களில் எவையெல்லாம் பகா எண்கள் என்று உலகம் முழுக்க உள்ள கம்ப்யூட்டர்களைச் சேர்த்துத் தேடும் கிம்ப்ஸ் என்ற முயற்சியை ஜார்ஜ் வோல்ட்மேன் 1996இல் தொடங்கினார், அதற்கான மென்பொருள் இது. லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான இலக்கம் கொண்ட எண்ணைத் திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்திக்கொண்டே போக வேண்டும், நாட்கணக்கில் ஓடும், நடுவில் ஒரே ஒரு பிட் தப்பினாலும் அத்தனை நாள் உழைப்பும் குப்பை. அதனால் தன் கணக்கைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கும்படி எழுதினார்கள்.

இவ்வளவு பெரிய எண்ணைப் பள்ளிக்கூடத்துப் பெருக்கல் முறையில் செய்தால் ஆயுசு போதாது. அதனால் ஃபூரியர் மாற்றம் என்ற குறுக்கு வழியில், தசமப் புள்ளி எண்களாக மாற்றிப் பெருக்கிவிட்டு, கடைசியில் விடையைப் பக்கத்து முழு எண்ணுக்குத் தள்ளுகிறார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் விடை 17.02, 40.98 என்று ஏதாவது ஒரு முழு எண்ணை ஒட்டியே நிற்கும். 17.5 என்று வந்தால்? 17ஆ 18ஆ, யாருக்கும் தெரியாது. அந்தத் தூரம் 0.4ஐத் தாண்டினாலே எங்கோ தப்பு என்று வொர்க்கர் நின்றுவிடுகிறது. உங்கள் விஷயத்தில் அதுதான் நடந்திருக்கிறது: பிராசசர் கணக்கைத் தப்பாகப் போட்டது, ஆனால் கம்ப்யூட்டர் விழவில்லை. இங்கே கண்காணிக்க ஒருவர் இருந்ததால் தெரிந்தது. நீங்கள் எக்ஸெல்லில் வரவு செலவு போடும்போதோ வீடியோ எடிட் செய்யும்போதோ அதே தப்பு நடந்தால் சொல்வதற்கு அங்கே யாரும் இல்லை.

வோல்டேஜை 15, 20 மில்லிவோல்ட் ஏற்றிப் பாருங்கள், அல்லது பெருக்கும் எண்ணை ஒன்று குறையுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். இன்னொன்று, எந்தச் சோதனையில் நின்றது என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்மால் எஃப்எஃப்டி என்ற சோதனை, பிராசசருக்குள் இருக்கும் சின்ன நினைவகமான கேஷுக்குள்ளேயே அடங்கும், சூடு தாறுமாறாக ஏறும், அதில் நின்றால் கோரில்தான் கோளாறு. லார்ஜ் அல்லது பிளெண்ட் என்ற சோதனை என்றால் ரேமும், பிராசசருக்குள் இருந்து ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலரும் கணக்கில் வருகின்றன, குற்றவாளி வேறு ஆளாக இருக்கலாம்.

சில சமயம் குற்றவாளி நாமே அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2016 தொடக்கத்தில் இன்டெலின் ஸ்கைலேக் பிராசசர்கள் ப்ரைம்95இன் ஒரு குறிப்பிட்ட கணக்கில் உறைந்துபோய் நின்றன, ஓவர்கிளாக் செய்யாதவையும்தான். சில்லிலேயே இருந்த பிழை அது, இன்டெல் ஒப்புக்கொண்டு பயாஸ் அப்டேட் வழியாகச் சரிசெய்தது. பகா எண் தேடப் போனவர்கள் கண்டுபிடித்துக் கொடுத்தது.

கேள்வி (அதே கோயம்புத்தூரிலிருந்து இன்னொருவர்): பயாஸில் 1.30 வோல்ட் வைத்தேன், லோட் ஏறினால் 1.22 காட்டுகிறது. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், அது நல்லதுதான். லோட் ஏறும்போது வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள், காரணம் லோட் சட்டென்று விலகும் நொடியில் வோல்டேஜ் மேலே துள்ளும், அந்தத் துள்ளலுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். இந்த இறக்கத்தைக் குறைக்க லோட் லைன் கேலிப்ரேஷன் என்று பயாஸில் ஒன்று இருக்கும். அதை நடுவில் வையுங்கள். கடைசிப் படியில் வைத்தால் மென்பொருளில் 1.30 என்று அழகாக நேர்கோடு தெரியும், ஆனால் துள்ளல் அந்த மென்பொருளின் கண்ணில் படாது, அவ்வளவு வேகமாக வந்து போகும்.

கேள்வி (வேலூர்): டிசம்பரில் செட் பண்ணி எல்லா டெஸ்டும் பாஸ் ஆன கம்ப்யூட்டர் மே மாதம் ஹேங் ஆகிறது. ஒன்றையும் மாற்றவில்லை.

பதில்: நீங்கள் மாற்றவில்லை, வேலூர் மாறிவிட்டது.

கூலர் என்ன செய்கிறது? அறைக் காற்றைவிட இத்தனை டிகிரி மேலே என்று பிராசசரைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. 25 டிகிரி அறையில் 78 டிகிரியில் நின்ற பிராசசர் 38 டிகிரி அறையில் 91க்குப் போய்விடும், கூலரின் மேல் குற்றமில்லை. வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் டிகிரிக் கணக்கைப் பார்த்து இங்கே கூலர் வாங்குபவர்கள் இந்த 13ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும், யாரும் கூட்டுவதில்லை. சூடு ஏறினால் அதே வேகத்தில் ஓட வோல்டேஜும் சற்றுக் கூடுதலாக வேண்டும் என்பது இன்னொரு தொல்லை, டிசம்பரில் மயிரிழையில் பாஸ் ஆனது மே மாதத்தில் மயிரிழையில் விழும். அதனால் நான் எப்போதும் சொல்வது: கடைசிச் சோதனையை மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு, ஏசியை நிறுத்திவிட்டு, நீங்கள் வழக்கமாக மூடி வைக்கும் கதவை மூடி வைத்து ஓட்டுங்கள். நீங்கள் அறையில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

கணக்கு ஒன்றும் போட்டுப் பாருங்கள். பிராசசர் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும், வோல்டேஜுக்கோ வர்க்க விகிதத்தில் ஏறும். 1.20 வோல்டில் 4.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதை 1.35 வோல்ட் கொடுத்து 4.7க்கு ஏற்றினால் வேகம் 7 சதவீதம்கூட முழுசாக ஏறவில்லை, மின்சாரம் ஏறத்தாழ 35 சதவீதம் ஏறிவிட்டது. அந்த 35 சதவீதமும் சூடாகத்தான் வெளியே வரும், உங்கள் அறைக்குள்தான் வரும். நம் ஊர் வெயிலுக்கு நான் இதைத் திருப்பிப் போடுவேன்: வேகத்தை அப்படியே விட்டுவிட்டு வோல்டேஜை மட்டும் குறைப்பது. அண்டர்வோல்ட் என்பார்கள். சூடு குறைந்தால் பூஸ்ட் தானாகவே கொஞ்சம் கூடுதல் நேரம் மேலே நிற்கும். ஆனால் சோதனை இதற்கும் அதே அளவு வேண்டும், திருநெல்வேலி மாணவரைப் பார்த்தீர்கள் அல்லவா.

அப்புறம், கேபினெட்டைத் திறந்து தூசி தட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் காணோம்.

கேள்வி (நாமக்கல்): லேப்டாப்பை ஓவர்கிளாக் செய்யலாமா?

பதில்: சில மாடல்களில் முடியும். வேண்டாம்.

கேள்வி (விழுப்புரம்): ஐ5-12400, பி660 போர்டு. பயாஸில் பெருக்கும் எண்ணை ஏற்றினால் ஏறவே மாட்டேன் என்கிறது.

பதில்: ஏறாது. இன்டெலில் பெயரின் கடைசியில் கே என்று இருக்கும் பிராசசரும் இசட் வரிசை போர்டும் சேர்ந்தால்தான் அது திறக்கும். ஏஎம்டியில் பெரும்பாலான ரைசன்கள் திறந்தே வருகின்றன, பி வரிசை போர்டு போதும், ஏ வரிசை மட்டும் விடாது. உங்கள் போர்டில் ரேமையாவது முடுக்கலாம்.

கேள்வி (திருச்சி): 3600 ரேம் என்று வாங்கினேன், டாஸ்க் மேனேஜரில் 2133 காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: பாவம், அவர் மேல் குற்றமில்லை. டிடிஆர்4 ரேம் முதலில் பொதுத் தரத்தில் உள்ள ஒரு பத்திரமான வேகத்தில்தான் எழுந்திருக்கும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 3600, ரேம் கம்பெனி தானே சோதித்து ரேமுக்குள் எழுதி வைத்த இன்னொரு அமைப்பு. பயாஸில் எக்ஸ்எம்பி என்று இருக்கும், டிடிஆர்5 ஏஎம்டி போர்டுகளில் எக்ஸ்போ, அதை ஆன் செய்தால் வந்துவிடும். ஒரே ஒரு பட்டன்தான். ஆனால் அதுவும் ஓவர்கிளாக்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. ரேம் கம்பெனி ரேமைத்தான் சோதித்தது, உங்கள் பிராசசரில் இருக்கும் மெமரி கன்ட்ரோலரை அது பார்த்ததுகூட இல்லை.

பிராசசர் தப்பு செய்தால் பெரும்பாலும் விழும். ரேம் தப்பு செய்தால் விழாமலே இருக்கலாம், அதுதான் எனக்குப் பயம். பழைய கதை ஒன்று சொல்கிறேன். ரேமை எக்ஸ்எம்பிக்கும் மேலே கொஞ்சம் இழுத்துவிட்டு ஒரு மணி நேரம் விளையாடிப் பார்த்துவிட்டு ஸ்டேபிள் என்று நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். ஒரு வருடம் ஓடியது, ஒருமுறைகூட ஹேங் இல்லை. அந்த வருடத்தில் ஒரு நாள் வீட்டுப் போட்டோக்களையெல்லாம் பழைய டிஸ்கிலிருந்து புதியதற்கு மாற்றிவிட்டுப் பழையதை ஃபார்மட் செய்தேன். ரொம்ப நாள் கழித்து அக்கா தன் கல்யாணப் படங்களைக் கேட்டபோது திறந்தால், அங்கங்கே சில படங்களில் மேல்பாதி கல்யாணம், கீழ்பாதி வெறும் சாம்பல் நிறம். தாலி கட்டும் படம் ஒன்று அதில் அடக்கம். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போட்ட பத்தாவது நிமிடம் சிவப்பு சிவப்பாக வரி வந்தது. அக்கா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார், நியாயம்தான்.

அதனால் எக்ஸ்எம்பி ஆன் செய்த அன்று ராத்திரியே மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் போட்டு நான்கு சுற்று ஓடவிடுங்கள். பிறகு விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5, அதுவும் ரேம் சோதனைதான். பிராசசர் சோதனையில் மூன்று நான்கு தப்பு வந்தால் பேரம் பேசலாம் என்று நினைப்பவர்கள் உண்டு, ரேமில் அந்தப் பேச்சே கிடையாது, ஒரு தப்பு வந்தாலும் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

கேள்வி (வீடியோ எடிட்டர், சென்னை): இன்டெல் ஐ9-13900கே பிராசசர் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. சத்தியமாக ஓவர்கிளாக் செய்யவில்லை. ஆனால் சில கேம்கள் திறக்கும்போதே வீடியோ மெமரி போதவில்லை என்று மூடிக்கொள்கின்றன, கிராபிக்ஸ் கார்டில் 24 ஜிபி இருக்கிறது.

பதில்: நம்புகிறேன். செய்தது நீங்கள் இல்லை, கம்பெனி. 5.8 கிகாஹெர்ட்ஸ் என்பது பத்து வருடம் முன்பு நாம் யாரும் கூலரில் கனவு காணாத வேகம், அதை அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்து விற்றார்கள்.

கேம் திறக்கும்போது சுருக்கி வைத்த கோப்புகளைப் பிராசசர் விரிக்கிறது. விரிக்கும் கணக்கு தப்பினால் கேம் குழம்பிப்போய் வீடியோ மெமரியைக் குறை சொல்கிறது. 13, 14ஆம் தலைமுறை இன்டெல் மேசைக் கம்ப்யூட்டர் பிராசசர்களில் இந்தப் புகார்கள் குவிந்து, 2024இல் இன்டெலே காரணத்தைச் சொன்னது: கோருக்குள் தாளத்தைக் கொண்டுபோகும் சுற்று, அதிக வோல்டேஜிலும் சூட்டிலும் சீக்கிரமே மூப்படைகிறது, அதனால் அதே வேகத்துக்கு நாளாக ஆக அதிக வோல்டேஜ் கேட்கிறது. ஆகஸ்டில் 1.55 வோல்டுக்கு மேல் கேட்காதபடி தடுக்கும் மைக்ரோகோட் (பிராசசரின் உள்கட்டளைகளுக்கான திருத்தம்) ஒன்றும், அடுத்த மாதம் இன்னொன்றும் வந்தன. வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். மைக்ரோகோட் மேற்கொண்டு கெடாமல் பார்க்கும், கெட்டதைத் திருப்பித் தராது.

பயாஸை அப்டேட் செய்யுங்கள், யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டுச் செய்யுங்கள், நடுவில் கரன்ட் போனால் போர்டும் போய்விடும். பிறகு பெர்ஃபார்மன்ஸ் கோர்களின் பெருக்கும் எண்ணை 53க்கு இறக்கி அதே கேமைத் திறந்து பாருங்கள். இறக்கினால் திறக்கிறது, ஏற்றினால் மூடுகிறது என்றால் சில்லு தளர்ந்துவிட்டது, பில்லை எடுத்துக்கொண்டு வாரண்டிக்குப் போங்கள். நீட்டியது தனியாகப் பெட்டியில் வாங்கிய பிராசசர்களுக்கு மொத்தம் ஐந்து வருடம். எடிட் செய்து கொடுத்த வீடியோக்களையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (ஒரு தந்தை, காரைக்குடி): மகன் கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்யப் போகிறேன் என்கிறான். வெடிக்குமா?

பதில்: வெடிக்காது ஐயா. சூடு அதிகமானால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்படியும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். வேகத்தைக் குறைப்பது இன்டெலில் 100 டிகிரியை ஒட்டி, ஏஎம்டியில் 90 அல்லது 95. ஓவர்கிளாக்கால் கெட்டதற்கு வாரண்டி கிடைக்காது என்று இரண்டு கம்பெனிகளும் எழுதியே வைத்திருக்கின்றன, அதை மட்டும் தம்பியிடம் சொல்லிவிடுங்கள். வேகத்தை ஏற்றினால் ஹேங் ஆகும், கணக்கு தப்பும், வோல்டேஜை ஏற்றினால்தான் சில்லு போகும்; முதலாவதில் விளையாடட்டும், இரண்டாவதில் உங்களைக் கேட்டுச் செய்யட்டும். பெயர் தெரியாத மலிவு எஸ்எம்பிஎஸ் போட்டிருந்தால் முதலில் அதை மாற்றிக் கொடுங்கள், ஓவர்கிளாக் செய்யாவிட்டாலும்.

கேள்வி (புதுச்சேரி): 24 மணி நேரம் ஓட்டினால்தான் ஸ்டேபிள் என்கிறார் ஒருவர், ஒரு மணி போதும் என்கிறார் இன்னொருவர். யார் சரி?

பதில்: இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஒரே சோதனையை 24 மணி ஓட்டுவதைவிட நான்கு விதமான சோதனையை இரண்டிரண்டு மணி ஓட்டுவது மேல், ஒவ்வொன்றும் சில்லின் ஒவ்வொரு மூலையைத் தட்டிப் பார்க்கிறது. நான் செய்வது இது: படிப்படியாக ஏற்றும்போது ஒவ்வொரு படியிலும் சினிபெஞ்ச் பத்து நிமிடம், அது தேர்வு இல்லை, தேறாததைக் கழிக்க மட்டும். நிறுத்திய இடத்தில் ப்ரைம்95 ஸ்மால் ஒரு மணி, சூட்டைப் பார்த்துக்கொண்டே. பிறகு வை-க்ரஞ்சர், அது பை மதிப்பைக் கணக்கிடும் மென்பொருள், ப்ரைம்95 விட்டதை இது பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன். ராத்திரி லார்ஜ். மறுநாள் காலையில் ஆறிப்போன கம்ப்யூட்டரை ஆன் செய்வதும் ஒரு சோதனை, ஸ்லீப்பில் போட்டு எழுப்புவதும் ஒரு சோதனை. அதன்பின் ஒரு வாரம் வழக்கமான வேலை, பின்னால் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து வைத்து வீயா எரர் என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். பூஜ்யமாகவே இருக்க வேண்டும். அது ஒன்று ஆனால், பிராசசர் தப்பு செய்து தானே திருத்திக்கொண்டது என்று அர்த்தம். திருத்த முடியாதது பின்னால் வரிசையில் நிற்கிறது.

எல்லாம் தேறிய பிறகும் பெருக்கும் எண்ணில் ஒன்றைக் குறைத்துவிட்டுத்தான் நான் பயன்படுத்துவேன். கேம் விளையாட மட்டும் வைத்திருப்பவர் குறைக்க வேண்டாம். கம்ப்யூட்டரில் கணக்கு வழக்கு வைத்திருப்பவர் ஓவர்கிளாக்கே செய்ய வேண்டாம்.

கேள்வி (சேலம்): 9 கிகாஹெர்ட்ஸ் வரை போயிருக்கிறார்களாமே?

பதில்: 2022 டிசம்பரில், திரவ ஹீலியத்தை ஊற்றி. சில நொடிகள் நின்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வார்கள், ப்ரைம்95 எல்லாம் ஓட்ட மாட்டார்கள்.

கேள்வி (ஜெராக்ஸ் கடை, ஈரோடு): 2012இல் ஒரு நண்பர் ஐ5-2500கே போட்டு 4.5 கிகாஹெர்ட்ஸ் செட் செய்து கொடுத்தார். இத்தனை வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. மூன்று மாதமாக வாரம் இரண்டு முறை ப்ளூ ஸ்கிரீன், 124 என்று முடிகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: உங்கள் நண்பர் நன்றாகச் செய்திருக்கிறார். 3.3 கிகாஹெர்ட்ஸ் சில்லு, கடையில், தினமும், பத்து வருடத்துக்கு மேல் 4.5இல். 124 என்பது ஹார்டுவேர் தப்பு என்று அர்த்தம், ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டரில் அனேகமாக வோல்டேஜ் பற்றவில்லை. சில்லு வயதாக ஆகக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

கூடுதலாகக் கொடுக்காதீர்கள். முதலில் கேபினெட்டைத் திறந்து காகிதத் தூசியை ஊதுங்கள், ஜெராக்ஸ் கடையில் அது பஞ்சு மாதிரி கூலருக்குள் அடைத்திருக்கும். சில்லுக்கும் கூலருக்கும் நடுவில் இருக்கும் தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள், பழையது சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். அதற்குப் பிறகும் வந்தால் பயாஸில் 45 என்று இருப்பதை 42 ஆக்கி, வோல்டேஜை அப்படியே விட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது ப்ரைம்95 பிளெண்ட் ஓட்டுங்கள். அதிலும் விழுந்தால் ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், பிறகு எஸ்எம்பிஎஸ், அதற்கும் அதே வயதுதானே. 42இல் பிரிண்டர் ஒரு நொடிகூட மெதுவாகாது.